கழுவிப் போகாத வெள்ளை

எங்கள் ஊரில் கை வெள்ளையாக இருப்பது யாருக்கும் புதிதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருக்கும். காய்ந்தது வெடித்து, நடக்க நடக்கச் செதில் செதிலாக உதிரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சேலையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் என் முழங்கையில் வியாதி வந்து உட்கார்ந்தபோது அது வியாதி என்று எனக்கே தெரியவில்லை. மண் என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன்.

பொம்மைக்குப் பிசிறு எடுப்பது என் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டிவிட்டு ஈரப் பஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சூளையில் இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் வேலையை விடவில்லை. மகன் சேகர் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் வசந்தி சேத்தியாத்தோப்புப் பெண். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் அதிகம் பேசமாட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சுடும். இந்த வியாதியை நான் இத்தனை காலம் வளர்த்ததற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேசச் சொன்னால் முடியாது.

தேய்க்கத் தேய்க்க அந்த வெள்ளை போகவில்லை. உரிந்த இடத்தில் சின்னச் சின்ன புள்ளியாக ரத்தம் கசிந்தது. மறுநாள் அதே இடத்தில் முன்னைவிடத் தடிப்பாக வெள்ளை படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மண்ணையே தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மண் இருக்கிறது! அன்றைக்குத்தான் இது பட்டறை மண் இல்லை என்று பட்டது. தலையைச் சொறிந்தால் நகக்கண்ணில் மாவு மாதிரி வந்தது. காதுக்குப் பின்னால் தடவினால் சொரசொரத்தது. நகங்களில் குண்டூசியால் குத்தினாற்போல் குழிகள்.

அப்புறம் விரல். வலது கை நடுவிரல் ஒரு காலையில் அடி முதல் நுனி வரை ஒரே தடிப்பாக வீங்கிக் கத்திரிப்பிஞ்சு மாதிரி நின்றது. எழுந்தவுடன் கை மடங்காது. குதிகாலைத் தரையில் வைத்தால் ஆணி மேல் வைத்த மாதிரி இருக்கும். வசந்தி பாத்திரம் விளக்கி முடிக்கும் நேரம் வரை நான் சும்மா உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பேன். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். பட்டறையில் ஒரு பொம்மை கை நழுவி விழுந்தது. பக்கத்தில் வேலை செய்கிற செல்லம்மா பார்த்துவிட்டு, "வாதம்க்கா. வயசாவுதில்ல, மண்ணுல ஊறி ஊறி ஏறிக்கிச்சி" என்றாள். வாதம் என்றால் நிம்மதி. நான் அதையே பிடித்துக்கொண்டேன். விரலை எல்லோருக்கும் காட்டினேன். முழங்கையை ஒருவருக்கும் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன். கம்மாபுரம் பக்கம் எங்கள் அம்மா ஊர். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, அங்கே மாட்டுக்கொட்டகையில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பெரிய வியாதி என்று சொன்னார்கள். குஷ்டம் என்ற வார்த்தையை வீட்டில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவள் குளித்த இடத்தில் நாங்கள் கால் வைக்கக்கூடாது. ஒரு தடவை நான் அவள் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று என் அம்மா நான் கட்டியிருந்த பாவாடையைக் கொளுத்தினாள். சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் செத்ததுகூட சாப்பாடு வைக்கப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது.

அவள் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். விரல்கள் கோணியிருக்கும். எனக்கும் திட்டு இருந்தது. விரல் கோண ஆரம்பித்திருந்தது. வேறு எதை நினைப்பேன்?

ரவிக்கைக் கையை முழங்கைக்குக் கீழே இறக்கித் தைத்துக்கொண்டேன். பேத்தியைத் தூக்குவதை நிறுத்தினேன். என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து, நானே கழுவி, கொல்லைப்புற மாடத்தில் கவிழ்த்து வைத்தேன். படுக்கையை வாசல் அறைக்கு மாற்றினேன். எப்படியும் செய்யப்போகிறார்கள், அவர்கள் கையால் செய்வதற்கு முன் நானே செய்துகொண்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும் என்று பட்டது.

எங்கள் பக்கத்தில் மாமியார் தனித்தட்டு எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வசந்தி ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் அத்த, எம்மேல இன்னா கோவம்? எங்கொழம்பு ஒங்களுக்கு ஆவல, அதானே?"

"அதெல்லாம் ஒன்னுமில்லம்மா."

"ஒன்னுமில்லாமத்தான் தட்ட எடுத்து ஒளிச்சி வச்சிருக்கீங்களா? தெருவுல எல்லாம் எங்கிட்ட கேக்குறாங்க, மாமியாருக்குத் தனி அடுப்பு எப்பன்னு. புள்ளயக் கூட தொட மாட்றீங்க. அது பாட்டி பாட்டின்னு அழுவுது. நான் பெத்த புள்ளன்னா அதுவும் தீட்டா?"

சேகர் சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போய்விட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொன்னால் இந்தச் சண்டையும் இருக்காது, நானும் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று பயந்தேன். அவள் கோபமாக இருப்பதே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செல்லம்மாதான் அந்தப் பொடியைப் பற்றிச் சொன்னாள். சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு ஒருவர் வருகிறார், வாதத்துக்குப் பொட்டலம் தருகிறார், ரெண்டே வேளையில் கேட்கிறது என்று. வாங்கிச் சாப்பிட்டேன். நிஜமாகவே கேட்டது. விரல் வடிந்தது. முழங்கைத் திட்டுகூட மங்கியது. பசி எடுத்தது, முகம் உப்பிப் பளபளவென்று ஆனது. சாமி கண் திறந்துவிட்டது என்று பழமலைநாதர் கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். சில மாதம் இப்படி ஓடியது. பிறகு அந்த ஆள் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பொட்டலம் தீர்ந்தது.

தீர்ந்த சில நாளில் உடம்பு முழுக்கச் சிவந்துவிட்டது. சிவப்பு என்றால் சூளை வாயில் நிற்கிற மாதிரி சூடு. ஆனால் உள்ளே குளிர் தூக்கிப்போட்டது. தோல் தாள் தாளாக உரிந்து பாயில் கிடந்தது. முழங்கால் ரெண்டும் பானை மாதிரி வீங்கி, எழ முடியவில்லை. காலையில் காப்பி கொண்டுவந்த வசந்தி போர்வையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ அத்த!" என்று டம்ளரைப் போட்டுவிட்டாள். நான், "தொடாத, தொடாத" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். ஒட்டியிருந்த தோல் அவள் கையோடு வந்தது.

சேகர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். பார்த்தவர்கள் தாமதிக்காமல் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் வேனில் படுத்துக்கொண்டு நான் நினைத்தது ஒன்றுதான். இனி மறைக்க முடியாது. டாக்டர் அந்த வார்த்தையை வசந்திக்கு முன்னால் சொல்லுவார். அவள் என்னைத் தொட்ட கையைப் பார்த்துக்கொள்வாள். என்னை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது.

தோல் வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஜமீலா என்று ஒரு அம்மாள். கடலூர்க்காரி, மகன் துபாயில். உடம்பெல்லாம் கொப்புளம். ஆனால் வாய் ஓயாது. "வாங்கக்கா, வாங்க. இங்க யாரும் யாரயும் பாத்து மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே அழகு" என்றாள். வசந்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் பெரிய டாக்டரம்மாவும் பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டமும் வந்தார்கள். திரை போட்டு, சேலையை விலக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர்கூட வெளிச்சத்தில் பார்க்காத உடம்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் வசந்தியே சொன்னாள். எவ்வளவு நாளாக இருக்கிறது என்றதற்கு மட்டும், "தெரிலீங்க டாக்டர். எங்ககிட்ட காட்டவே இல்ல" என்றாள். அந்த "காட்டவே இல்ல" என்பதில் ஒரு அழுகை இருந்தது.

ரெண்டு மூன்று நாளில் சிவப்பு கொஞ்சம் தணிந்ததும் டாக்டரம்மா ஒரு பஞ்சை எடுத்து நூல் மாதிரி திரித்துக்கொண்டு வந்தார்.

"கண்ண மூடிக்குங்கம்மா. நான் தொடும்போது தொட்ட எடத்த வெரலால காட்டுங்க."

எனக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. ஊரில் சொல்வார்கள், அந்த வியாதி வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது, நெருப்பை வைத்தாலும் தெரியாது என்று. கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம்தான் டாக்டரம்மா இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்தது. முழங்கைத் திட்டின் மேல் எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒன்று. காட்டினேன். முதுகில். காட்டினேன். முழங்காலில். காட்டினேன். நிஜமாகத்தான் தெரிகிறதா, ஆசையில் காட்டுகிறேனா என்று சந்தேகம் வந்தது. "சரியாத்தான் காட்டுறீங்க" என்றார்.

அப்போதும் கேட்க வாய் வரவில்லை. ராத்திரி என் அழுகையைக் கேட்டு என் பயத்தை என்னிடமிருந்து பிடுங்கியிருந்த ஜமீலாதான் தன் கட்டிலிலிருந்து கேட்டாள். "டாக்டர், அந்த அக்கா தெனம் அழுவுது. குஷ்டமான்னு கேளுன்னா கேக்க மாட்டேங்குது. நீங்களே சொல்லிப்புடுங்க."

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தட்டு, டம்ளர், பிள்ளையைத் தூக்காதது எல்லாம் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "அடப் பாவி அத்த" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

டாக்டரம்மா கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். குஷ்டம் இல்லை என்றார். இதற்குப் பெயர் சோரியாசிஸ். அது மூட்டிலும் இறங்கியிருப்பதால் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். தொட்டால் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது. நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் உடம்புக்குள் கிருமி வந்தால் அடிப்பதற்குக் காவல் இருக்கிறது. எனக்கு அந்தக் காவல் ஆளுக்குப் புத்தி பிசகி, திருடனை விட்டுவிட்டு வீட்டு ஆட்களையே அடிக்கிறான். தோலில் அடித்தால், மாசக்கணக்கில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து வெள்ளைச் செதிலாக அடுக்குகிறது. மூட்டில் அடித்தால் வீங்குகிறது. விரலும் தோலும் ரெண்டு வியாதி இல்லை, ஒன்றே. நான் விரலை மட்டும் காட்டியதால் எல்லோரும் வாதம் என்றார்கள். முழங்கையையும் சேர்த்துக் காட்டியிருந்தால் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். நாரால் தேய்த்தது அதற்கு உரம் போட்ட மாதிரி. காயம் பட்ட இடத்தில் இது கூடுதலாக வருமாம். சந்தைப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். அதைச் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினதால்தான் உடம்பு முழுக்கப் பொங்கியது. உயிருக்கே ஆபத்து வந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

ரத்தம் எடுத்தார்கள். மூட்டை முடக்குகிற சரவாங்கி வாதத்துக்குப் பார்க்கிற சோதனையில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுக்க ஒரு நீள வராந்தாவில் காத்திருந்தோம். படத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு சின்ன டாக்டர் காட்டினார். நடுவிரல் கணுவில் எலும்பு முனை சீவின பென்சில் மாதிரி தேய்ந்திருந்தது. தேய்ந்தது திரும்ப வளராது, இனிமேல் தேயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிசிறு எடுக்கிற விரல் அது. ராத்திரி சாப்பாட்டை வசந்தி பிசைந்து ஊட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. "ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இப்பவும் எங்கையி ஆவலியா?" என்றாள். திறந்தேன்.

பிள்ளையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்து அவள் அங்கே செய்ததை, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள்கூடச் செய்திருப்பாளா தெரியாது. நர்ஸ் கொடுத்த எண்ணெயைத் தலை முதல் கால் வரை தடவுவாள். தலையில் தடிப்பு ஊறின பிறகு அகலச் சீப்பால் வலிக்காமல் எடுப்பாள். ஜமீலா, "எங்க மருமவளும் இருக்குறா, போன்ல மட்டும் எண்ண தடவுவா" என்பாள்.

ஒருநாள் டாக்டரம்மா கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. சின்னம்மாவைப் பற்றி முதல் முறையாக வாய் திறந்து சொன்னேன். திட்டு எப்படி இருந்தது, தலையில் செதில் இருந்ததா, நகம் எப்படி என்று கேட்டார். நினைத்துப் பார்த்தேன். சின்னம்மா தலை சொறிந்தால் மடியில் மாவு கொட்டும். விரல்கள் கோணியிருந்தாலும் சோற்றை அள்ளும்போது சூடு தாங்காமல் விரலை ஊதிக்கொள்வாள்.

"பாக்காம சொல்ல முடியாதும்மா. ஆனா இதுவா இருந்திருக்கலாம்" என்றார். "அது குஷ்டமாவே இருந்தாலும் இன்னிக்கு மாத்திரைல சரியாவுது. கொட்டாயில தள்ளுற வியாதின்னு ஒன்னு கெடையாது."

அன்றைக்கு முழுவதும் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஊதிக்கொண்ட அந்த விரல்களே கண்ணில் நின்றன.

டாக்டரம்மா கட்டிலை விட்டு நகர்வதற்குள் வசந்தி கேட்டாள், "அப்ப ரத்தத்துல வருமா டாக்டர்? எங்க புள்ளைக்கு?" வரலாம், வராமலும் போகலாம், வந்தால் மறைக்காமல் சீக்கிரம் காட்டுங்கள் என்றார். நானும் வசந்தியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை தந்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். மறந்துபோய் தினம் சாப்பிட்டால் விஷம். வாய் புண்ணாகி ரத்தம் குறைந்து ஆளே போய்விடலாம். வசந்தி அதைத் தன் பீரோவில் பூட்டி வைத்து, செவ்வாய்க்கிழமை மட்டும் எடுத்துத் தருகிறாள். இடையில் ஒரு நாள் மஞ்சள் நிறச் சத்து மாத்திரை. ஈரல் கெடாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டு வரும் வரை எனக்குச் சோறு இறங்காது. விரல் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. பட்டறையில் இப்போது எனக்கு உட்கார்ந்து வெளியூருக்குப் போகிற பொம்மைகளை வைக்கோல் சுற்றிக் கட்டுகிற வேலை.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. இடம்தான் மாறியது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கும்போது வசந்தி பிள்ளையின் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சட்டென்று பின்ன ஆரம்பித்துவிடுவாள். எனக்குக் கோபமில்லை. நானும் அவள் கடைக்குப் போகிற நேரத்தில் அதையேதான் செய்தேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழையில் நனைந்து வந்த சேகர் சட்டையைக் கழற்றாமல் தலையை மட்டும் துவட்டிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தடிப்பு.

"என்னடா அது?"

"பொடுகும்மா. நாள் பூரா ரோட்டுத் தூசி."

"கையக் காட்டு."

"கையில இன்னா இருக்குது?"

"காட்டுடா."

நீட்டினான். நகத்தில் குண்டூசிக் குழிகள். அவன் கையை இழுத்துக்கொள்ளவிடாமல் பிடித்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தேன்.

"எப்பத்திலேர்ந்து?"

"நீ ஆஸ்பத்திரில கெடந்தப்பவே. இவ ஏற்கெனவே புள்ள தலையப் பாத்துக்கினு கெடக்குறா. நானும் சொன்னா? சவாரி ஏறுறவங்க பாத்தா ஏறுவாங்களா?"

வசந்தி அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். "ஒங்க குடும்பமே இப்டித்தானா? வியாதிய மடியில முடிஞ்சி வச்சிக்கினு, யாராச்சும் புடுங்கிடுவாங்கன்னு திரிவீங்களா?" என்று கத்திவிட்டு, அவன் தலையில் துண்டைப் போட்டு அழுத்தி அழுத்தித் துவட்டினாள். துவட்டத் துவட்ட அழுதாள்.

பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வசந்தி நின்றுகொண்டாள். பாண்டிச்சேரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வெளிநோயாளி கூடத்தில் பெஞ்சு நிறையக் கூட்டம். எனக்கு ஓரமாக இடம் கிடைத்தது. சேகர் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றான். நம்பர் கூப்பிட்ட சின்ன டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா? ஒங்களுக்கா?" என்று கேட்டார். சேகர் தரையைப் பார்த்தான். கூடத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். என் காது சுட ஆரம்பித்தது.

"எம் மவனுக்குங்க" என்றேன். "எனக்கு இருக்குற அதே சோரியாசிஸு. தலையில இருக்குது, நகத்துல இருக்குது. முட்டி இன்னும் வீங்கல. வீங்கறதுக்கு முன்னாடியே கூட்டியாந்துட்டன்."

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். டாக்டர், "முன்னாடி போனவங்க வந்ததும் கூப்புடுறன், உக்காருங்க" என்றார். பெஞ்சில் எனக்குப் பக்கத்திலிருந்த பெண், மடியில் பிள்ளை வைத்திருந்தவள், சட்டென்று நகர்ந்தாள். நான் என் சேலையை ஒடுக்கிக்கொண்டேன்.

அவள் சுவர் வரைக்கும் நகர்ந்து, எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கையால் தட்டி, தூண் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாத்துக்குண்ணா நிக்குற? இங்க வந்து ஒக்காரு."